கரடிச் சுனையும் கோரைக் குட்டையும்

காட்டின் நடுவில் ஒரு குட்டை இருந்தது. கரையெல்லாம் கோரை மண்டிக் கிடந்ததால் அதற்குக் கோரைக் குட்டை என்று பெயர். மான்கள், முயல்கள், குரங்குகள் எல்லாம் அங்கேதான் தண்ணீர் குடித்தன. யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

அந்தக் கரையில் மொங்கான் என்ற கிழட்டுக் காட்டுப்பன்றி இருந்தது. தினமும் விடிந்ததும் அது கோரைக் கிழங்குக்காகக் குட்டையின் ஓரத்தை மூக்கால் கிளறும். அது கிளறாவிட்டால் கோரை வளர்ந்து குட்டையையே மூடியிருக்கும். இதை ஒருவராவது சொன்னதுண்டா? "கிழவன் தண்ணியைக் கலக்குறான்!" என்ற ஏச்சுதான் மிச்சம்.

ஏசியது யார் யார் என்று மொங்கான் மறக்கவில்லை. குரங்கு ஏசியது ஒரு மழைக்காலத்தில். முயல் ஏசியது அதற்கு அடுத்த கோடையில். எல்லாவற்றையும் நெஞ்சில் முடிந்து வைத்திருந்தது.

ஒருநாள் வால்காக்கை காடெல்லாம் சுற்றிவிட்டு வந்து ஒரு கிளையில் உட்கார்ந்தது.

"எல்லாரும் வாங்க! எந்தப் பக்கம் தண்ணி எப்படி, விலை எப்படின்னு பார்த்துட்டு வந்திருக்கேன்!"

மிருகங்கள் கூடின.

"தெற்கே யானைப் பள்ளம். தண்ணி உவர்ப்பு. யானைக் கூட்டம் குடிச்சு, குளிச்சு, கரையேறுற வரைக்கும் வெயில்ல நிக்கணும். அதுதான் அங்கே விலை! மேற்கே மலையடியில கரடிச் சுனை. ஒரு தடவை குடிக்க ஒரு வாய் இலந்தைப் பழம் கொண்டுபோய்க் கரடியார்கிட்ட கொடுக்கணும். ஆனா தண்ணியா அது? தேன்! சுத்தத் தேன்!"

"நம்ம குட்டை?" என்று கேட்டது முயல்.

"இங்கே விலையே இல்லை. விலையில்லாத தண்ணிக்கு ருசி மட்டும் எங்கேயிருந்து வரும்?"

பிறந்தது முதல் குடித்த தண்ணீர்தான். அன்றைக்கு அதில் வாய் வைத்தபோது எல்லோருக்கும் முகம் சுளித்தது.

மறுநாளே ஆளுக்கு ஒரு வாய் இலந்தைப் பழத்துடன் கரடிச் சுனைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது, வால்காக்கை சொன்னது குறைவு என்றார்கள். "அப்பா, என்ன இனிப்பு!" என்று குரங்கு நாக்கைச் சப்புக்கொட்டியது. இரண்டொரு நாளில் ஒவ்வொரு குடும்பமாக மலையடிக்குக் குடிபோய்விட்டது.

கடைசியாகத் தும்பி என்ற புள்ளிமான் தன் குட்டியுடன் வந்து நின்றது. மொங்கானிடம் நின்று பேசுவது அது ஒன்றுதான்.

"மாமா, கூட்டமே போயிருச்சு. நான் ஒருத்தி இங்கே எப்படி இருக்க முடியும்?"

'போகாதே' என்ற ஒரு சொல்தான் மொங்கானுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வாயில் வந்ததோ வேறு.

"போ, போ! உன்னையும் நான் மறக்கமாட்டேன்!"

தும்பி போய்விட்டது.

அதற்குப் பிறகு குட்டை மொங்கானுக்கு மட்டும் சொந்தமானது. இதைத்தானே இத்தனை காலம் கேட்டோம் என்று அது தன்னையே தேற்றிக்கொண்டது. ஆனால் தண்ணீரில் வாய் வைத்தால், எழும் வளையம் பெரிதாகிக்கொண்டே அக்கரை வரைக்கும் போனது. நடுவில் அதைத் தடுக்க வேறொரு வாயின் வளையம் இல்லை. மொங்கான் பாதியில் குடிப்பதை நிறுத்தி அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

இலந்தைப் புதர்கள் குட்டைப் பக்கம்தான் இருந்தன. அதனால் குடிபோனவர்கள் தினமும் பழம் பொறுக்க வந்தார்கள். காலடியில் தண்ணீர் இருந்தது. யாரும் குடிக்கவில்லை. மொங்கான் உறுமினாலும் யாரும் பதில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? வாய் நிறையக் கரடியின் பழம்! விழுங்கவும் முடியாது, பேசவும் முடியாது.

தும்பியும் அப்படித்தான் வந்தது, போனது. நாளாக ஆக அதன் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. மேய வேண்டிய நேரமெல்லாம் பழம் பொறுக்குவதிலும் மலைக்கு நடப்பதிலும் போயிற்று. மடி வற்றிவிட்டது. குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தியது.

அந்தச் சத்தத்தை மொங்கானால் தாங்க முடியவில்லை. "கரடியோடு பழைய சண்டை ஒண்ணு பாக்கி இருக்கு. அதுக்குத்தான் போறேன்!" என்று யாரும் இல்லாத கரையில் உரக்கச் சொல்லிவிட்டு, ஒரு வாய் இலந்தைப் பழத்துடன் கிளம்பியது.

பழைய சண்டை உண்மைதான். ஒரு காலத்தில் மொங்கான் தோண்டிய கரையான் புற்றைக் கரடி பிடுங்கிக்கொண்டது.

சுனைக்கு அருகே ஒரு நெல்லிமரம். அதன் நிழலில் கரடி சாய்ந்திருந்தது. பக்கத்தில் இலந்தைப் பழம் குவியலாகக் கிடந்தது.

"அடடே, மொங்கானா! வாய்யா, வா!" என்றது கரடி. "இந்தா, ஒரு நெல்லிக்காய். இது இனாம். நல்லா மென்னுட்டுத் தண்ணி குடி. வந்தவங்களை உபசரிக்கிறது எங்க வழக்கம்!"

மொங்கான் வாயிலிருந்த பழத்தைத் துப்பியது. "உன் கையால நான் எதையும் வாங்கமாட்டேன்!"

நேரே போய்ச் சுனையில் வாய் வைத்தது. ஒரு இனிப்பும் இல்லை. லேசாக இலை ஊறிய வாசனை இருந்தது. அவ்வளவுதான். ஆனால் புற்றைப் பிடுங்கியவனின் சுனை அல்லவா? மொங்கான் தலையைத் தூக்கிக் கத்தியது.

"அழுகல்! இது அழுகல் தண்ணி! உங்களை எல்லாம் ஏமாத்துறான்!"

எல்லா மிருகங்களும் சிரித்தன.

"தண்ணி அழுகலா, கிழவன் வாய் அழுகலா?" என்றது குரங்கு.

மொங்கான் தும்பியிடம் ஓடியது. "நீயாவது நம்பு! இதுல தேனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை!"

நெல்லிக்காய் மென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தும்பி நிமிர்ந்தது. "எனக்கு இனிக்குதே, மாமா. நீங்க இதுவரைக்கும் யாரையாவது, எதையாவது நல்லதுன்னு சொல்லியிருக்கீங்களா? இதைக் கெட்டதுன்னு சொன்னா நான் எப்படி நம்புறது?"

மொங்கான் திரும்பி நடந்தது. "மறந்துட்டுப் போறியே!" என்று கரடி ஒரு நெல்லிக்காயை அதன் முதுகில் வீசியது. காய் பிடரி மயிரில் சிக்கிக்கொண்டது.

குட்டைக் கரைக்கு வந்து உடம்பை உதறியபோது காய் கீழே விழுந்தது. மொங்கானுக்குப் பசி. பகைவன் கொடுத்ததைத் தின்பதா? சுற்றிலும் பார்த்தது. பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. தின்றது. புளிப்பும் துவர்ப்பும் நாக்கைப் பிடித்து இழுத்தன. வாய் கழுவலாம் என்று குட்டையில் ஒரு வாய் குடித்தது.

தேன்!

மொங்கான் திகைத்தது. மறுபடியும் குடித்தது. அதே கோரைக் குட்டை. அதே கலங்கல். தேன்!

"அடப்பாவி! எல்லாம் நெல்லிக்காய் பண்ற வேலையா!"

சிரித்துச் சிரித்து அதற்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதைச் சொல்வதற்காகத் திரும்பியது. பக்கத்தில் யாரும் இல்லை. சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. இவ்வளவு பெரிய உண்மையைத் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுநாள் அது இன்னொரு வாய் இலந்தைப் பழம் பொறுக்கிக்கொண்டு மறுபடி மலையடிக்குப் போனது. கரடிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தது. இந்தத் தடவை கத்தவில்லை. நிதானமாக ஒரு வாய் குடித்துவிட்டுத் தும்பியின் பக்கத்தில் போய் நின்றது.

"நேத்து அழுகல்னு சொன்னேனே, அது பொய்," என்றது. "இது நல்ல தண்ணிதான். வெறும் தண்ணி. என் குட்டையிலயும் வெறும் தண்ணிதான், கொஞ்சம் சேறு. காய் மெல்லாம ஒரு வாய் குடிச்சுப் பாரு. அப்புறம் உன் இஷ்டம்."

மொங்கான் வாயிலிருந்து 'நல்ல' என்ற சொல் வந்ததைத் தும்பி அன்றைக்குத்தான் கேட்டது. கரடி நீட்டிய நெல்லிக்காயை அது வாங்கவில்லை. குனிந்து குடித்தது. நிமிர்ந்தது. குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கியது.

போகும் வழியில் தும்பி மற்றவர்களிடமும் சொல்லிப் பார்த்தது. "காய் மெல்லாம குடிங்க! இதுவும் வெறும் தண்ணிதான்!"

முயல் மூக்கை நிமிர்த்தியது. "இத்தனை நாள் சுமந்து கொட்டின பழமெல்லாம் வெறும் தண்ணிக்குன்னு சொல்றியா? அவ்வளவு முட்டாளா நாங்க?"

யாரும் வரவில்லை. அவர்களை மொங்கான் திரும்பிப் பார்த்தது. என்னென்னவோ சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை.

இன்றைக்கும் மற்றவர்கள் வாய் நிறையப் பழத்துடன் குட்டையைத் தாண்டித்தான் போகிறார்கள். அக்கரை வெறிச்சென்றுதான் கிடக்கிறது. இக்கரையில் தும்பி மேய்கிறது. அதன் மடியில் மறுபடி பால் ஊறிவிட்டது. காலையில் மொங்கான் தண்ணீரில் வாய் வைக்கும்போது பக்கத்தில் இன்னும் இரண்டு வாய்கள் குனிகின்றன. மூன்று வளையங்களும் நடுவில் ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன.

நீதி: இந்தத் தண்ணீர் உசத்தி, அந்தத் தண்ணீர் மட்டம் என்று சொல்வதற்கு முன்னால், நம் நாக்கில் ஒட்டியிருப்பது பிறர் கொடுத்த நெல்லிக்காயா, நாமே சேர்த்து வைத்த கசப்பா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.