முதுகு காட்டக் கூடாத லாரி

திருச்செங்கோட்டுப் பட்டறை ஒன்றில், முன்பக்கம் மூக்கில்லாமல் தட்டையாக இருந்த பழைய லாரியைக் கார் ஏற்றும் வண்டியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். வேலை முடியும் நேரத்தில் மிராசுதார் வஜ்ரவேலு வந்தார். லாரியும் அவருடையது, பட்டறை இருந்த இடமும் அவருடையது.

"இதுல ஏறப்போறது எங்க தாத்தா கார். டிரைவர் அதுக்கு முதுகு காட்டி உக்காரக் கூடாது. சீட்டைத் திருப்பிப் போடு. இல்லேன்னா நாளைக்கே இடத்தைக் காலி பண்ணு!"

"அப்புறம் ரோட்டை யாருங்க பாக்கறது?" என்றார் பட்டறைக்காரர்.

"அது உன் பாடு."

லாரிக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த அத்தாயி எழுந்து வந்தாள். "ஏனுங்க, இன்னைக்கு எதுல வந்தீங்க?"

"என் கார்லதான். கண்ணப்பன் ஓட்டினான்."

"நீங்க எங்கீங்க உக்காந்தீங்க?"

"பெரிய மனுசன் எங்க உக்காருவான்? பின் சீட்டுல."

"அப்ப வழி பூரா கண்ணப்பண்ணன் முதுகைப் பாத்துக்கிட்டேதான் வந்தீங்களா?"

பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. மிராசுதார் இருமினார்.

"சீட்டு இருந்தபடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

காரருகே சற்று நின்றார். பிறகு கண்ணப்பனைப் பின் சீட்டுக்கு அனுப்பிவிட்டு, தானே ஸ்டியரிங்கைப் பிடித்தார். கியர் அலறியது. கார் தவளைபோலத் துள்ளித் துள்ளி நகர்ந்தது.

கண்ணப்பன் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, "பாத்து ஓட்டுங்க முதலாளி" என்றான்.