மாட்டு டேபிளும் ஆள் டேபிளும்

மந்தைக்குடியில் வெள்ளம் வந்தபோது ஊர் மாடுகளையெல்லாம் பள்ளிக்கூடத்து மேட்டில் கொண்டுபோய்க் கட்டினார்கள். வெள்ளம் வடிந்ததும் எது யார் மாடு என்று அடிதடி. ஒருத்தர் கறக்கப் போனால் இன்னொருத்தர் மறித்தார். மடி கனத்த மாடுகள் கத்தித் தீர்த்தன.

உடனே மாடு மீட்புக் குழு அமைந்தது. முதல் வேலையாகக் குழுவினர் மூவரும் ஒருவருக்கொருவர் சால்வை போட்டுக்கொண்டார்கள். பிறகு தலைவர் உத்திராபதி, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அக்கா மகன் அகிலனுக்குப் போன் போட்டார்.

"ஈஸி மாமா! ஆளுங்க லிஸ்ட் ஒரு டேபிள், மாடுங்க லிஸ்ட் ஒரு டேபிள். ஒவ்வொரு ஆளுக்கும் தனி நம்பர் குடுங்க, அதான் பிரைமரி கீ. அதே நம்பரை அவங்க மாட்டுக்கு நேரா எழுதுனா ஃபாரின் கீ. ரெண்டு டேபிளும் தானா இணைஞ்சிடும்."

நம்பர், எழுத்து போன்ற சில்லறை விஷயங்களைத் தலைவர் காதில் வாங்குவதில்லை.

பஞ்சாயத்து ஆபீசிலிருந்து இரண்டு டேபிள் வந்தது. ஒன்றில் ஊர்க்காரர்களை ஏற்றினார்கள். இன்னொன்றில் ஒரு சினைமாட்டை ஏற்றினார்கள். டேபிளின் நாலு காலும் நாலு பக்கம் போனது.

"நல்லதுதான். அடுத்த மாடு ஏற லேசா இருக்கும்" என்றார் செயலாளர் கலியபெருமாள்.

"பிரைமரி கீ?" என்று கேட்டார் தலைவர்.

"பிரைமரி ஸ்கூல் சாவிதான். வேறென்ன?" என்று பொருளாளர் வேம்பையன் ஹெட்மாஸ்டரிடமிருந்து அதைப் பிடுங்கி வந்தார். துபாயிலிருந்து திரும்பிய மாசிலாமணியின் பெட்டிச் சாவி ஃபாரின் கீ ஆனது. ஆள் கழுத்தில் ஒன்று, மாட்டுக் கழுத்தில் ஒன்று.

"யாரும் தொடாதீங்க, தானா இணையணும்!" என்றார் தலைவர். டேபிள் மேல் நின்றவர்கள் வெயிலில் காய்ந்தார்கள். இரண்டு டேபிளும் ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

மறுபடி போன்.

"ஏதோ தப்பாயிருக்கு மாமா. எதுக்கும் முதல்ல பேக்கப் எடுத்திடுங்க" என்றான் அகிலன்.

"பேக் எடுக்கணுமாம்!" என்று தலைவர் அறிவித்தார்.

கலியபெருமாள் ஒரு மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். "வரட்டும்... வரட்டும்... லெஃப்ட்ல ஒடி..."

மாடு வந்தது. நேராகத் தலைவரைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது.

"யோவ், பின்னாடி நான் நிக்கிறேன்! ஹாரன் அடிய்யா!"

வேம்பையன் ஓடிப்போய் மாட்டின் கொம்பை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தார்.

"பேட்டரி வீக்கு, தலைவரே!"