பதினோரு வருஷம் நின்ற வெள்ளை விமானம்

சங்ககிரி சென்னியப்பன் லேசுப்பட்ட ஆள் இல்லை. முப்பது வருஷமாகப் பழைய லாரி வாங்கி விற்கிறவர். சாவியைத் திருகும் சத்தத்திலேயே வண்டியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். ஐம்பத்து நாலாம் வயசில் ஆசைப்பட்டு விமானம் ஓட்டக் கற்று, லைசென்ஸும் எடுத்துவிட்டார்.

கற்றுக்கொடுத்தவள் கிரேஸ்லின். நாகர்கோவில்காரி, அவரைவிட இருபது வயசு இளையவள். அவளுக்கு ஓட்டவும் தெரியும், இன்ஜினைப் பிரித்து மாட்டவும் தெரியும். ஊரில் எவனுக்கும் அடங்காத மனுஷன், அவளிடம் மட்டும் கைகட்டி நிற்பார்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள். அவர் ஓட்டக் கற்ற சின்ன விமானத் தளத்தில் இரண்டு பழைய விமானங்கள் விலைக்கு இருந்தன. இரண்டிலும் நாலு பேர் உட்காரலாம். ஒரே கம்பெனி, ஒரே வருஷம் செய்தவை. ஒன்று வெள்ளை, கோத்தகிரி தேயிலைத் தோட்டக்காரர் பெள்ளிராஜுடையது. ஷெட்டுக்குள் புதுமாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது. இன்னொன்று மஞ்சள். பயிற்சிப் பள்ளியில் தினமும் பறப்பது. பெயிண்ட் வெளுத்து, சீட்டெல்லாம் கிழிந்திருந்தது.

"ஏனுங்க டீச்சர், வெள்ளையை முடிச்சுரலாமுங்களா?" என்றார் சென்னியப்பன். "ஆவணி பொறந்து மொத முகூர்த்தத்துல என்ற சம்சாரம் துளசிமணியை ஏத்திட்டுப் போயி, பவானிக் கூடுதுறையை மேல இருந்து காட்டோணும்."

"அக்கா சம்மதிச்சாச்சா?"

"மூணு வருஷமா மாட்டவே மாட்டேன்னா. நேத்துக் காவேரியில குளிச்சுட்டுக் கரையேறினவ, சரி வர்றேன்னுட்டா. பயம் போயிருச்சுங்க." சொல்லும்போதே அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"வெள்ளை எதுக்கு?"

"நாப்பத்தஞ்சு வருஷத்துல எண்ணூறு மணி நேரந்தான் பறந்திருக்குதுங்க. மஞ்சள் ஒம்பதாயிரம். தேஞ்சு போயிருக்குமுங்களே."

பக்கத்தில் நின்ற பெள்ளிராஜ் நெஞ்சை நிமிர்த்தினார். "பதினோரு வருஷமா வெளியவே எடுக்கலை. பொத்திப் பொத்தி வச்சிருக்கேன். மாசம் ஒரு தடவை வந்து, ஸ்டார்ட் பண்ணி, அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு அணைச்சிருவேன்."

"பறக்கிறதில்லையா சார்?"

"சேச்சே. எதுக்கு வீணா தேய விடணும்?"

கிரேஸ்லின் சென்னியப்பனைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, பதினோரு வருஷம் ஷெட்டுல நின்ன லாரி ஒண்ணு விலைக்கு வருது. எடுப்பீங்களா?"

"சும்மா குடுத்தாலும் வேண்டாமுங்க."

"எதுக்கு?"

"நின்ன இன்ஜினை எவன் நம்புவான்?" என்றவர் சட்டென்று நிறுத்தினார். "இது லாரி இல்லீங்களே டீச்சர். விமானமுங்க."

"ஆமா" என்றாள் அவள். பெள்ளிராஜிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஸ்பேனரை எடுத்தாள்.

சிலிண்டர் ஒன்றைக் கழற்ற மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை சென்னியப்பன் வெள்ளையைச் சுற்றிச் சுற்றி வந்தார். இறக்கையைத் தடவினார். துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். துளசிமணி எந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஆறு நன்றாகத் தெரியும் என்றுகூட யோசித்து வைத்துவிட்டார்.

"விரலை உள்ள விட்டுப் பாருங்க, அண்ணாச்சி."

விட்டார். வெளியே எடுத்தபோது விரல் செக்கச்செவேலென்று இருந்தது. துரு.

"ஐயோ, மாசாமாசம் ஓடவிட்டேனே!" என்றார் பெள்ளிராஜ்.

"அஞ்சு நிமிஷத்துல இன்ஜின் நல்லா சூடாகாது சார். உள்ள சேர்ந்த ஈரம் காயாது. மேல போயி ஒரு மணி நேரம் பறந்திருந்தா காஞ்சிருக்கும்."

"பிள்ளை மாதிரி வச்சிருந்தேன்மா."

"தெரியுது சார்" என்றாள் கிரேஸ்லின். அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சென்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "பெயிண்டைப் பாத்து ஏமாந்த கதையை ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். இப்ப நானே போயி விழப் பாத்தேன்! அப்ப மஞ்சளே சரிங்களா?"

"மஞ்சள் நல்ல விமானம். போன வாரம் நானே பிரிச்சுப் பாத்தேன். கண்ணை மூடிட்டு எடுக்கலாம்."

"அப்புறமென்னங்க, பேசி முடிச்சுரலாம்."

"இருங்க. உங்க புத்தகம் இருக்கா?"

விமானம் ஓட்டுகிறவர்கள் பறந்த நாளையும் நேரத்தையும் எழுதி வைக்கிற புத்தகம் அது. சென்னியப்பன் அதைச் சாமி படத்தைப் போலப் பட்டுத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தார். பெருமையாக எடுத்தார்.

"வாங்கி மூணு வருஷமாச்சு. அட்டை ஒரு பக்கம் மடங்கியிருக்குதா பாருங்க."

"கடைசியா எப்பப் பறந்தீங்க?"

பக்கத்தைத் திருப்பினார். விரல் கடைசி வரியில் போய் நின்றது.

"மார்ச்சுங்க."

"அதுக்கு முந்தி?"

"தீவாளி நோம்பிக்கு." குரல் இறங்கிவிட்டது. "லாரி யாவாரமுங்க டீச்சர். நேரம் ஒழியவே மாட்டேங்குது."

சென்னியப்பன் விரலை எடுத்தார். கடைசி வரியின் மேல் சிவப்பாக ஒரு துருத் தடம் விழுந்திருந்தது. துண்டால் துடைத்தார். அது இன்னும் கொஞ்சம் பரவியது.



"அப்ப துளசியை எதுலதானுங்க ஏத்தறது?"

"மஞ்சள்லதான். அதுக்கு முந்தி, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு, காத்து எழும்புறதுக்குள்ள நாம ரெண்டு பேரும் போவோம். நாளைக்கழிச்சும் போவோம். ஆவணி வரைக்கும் தினமும்."

"தினமுமுங்களா? அதான் லைசென்ஸ் இருக்குதுங்களே!"

கிரேஸ்லின் புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"அக்காவுக்குப் பயம் போயிருச்சுன்னு சொன்னீங்கல்லா, அண்ணாச்சி. எனக்கு இன்னும் போகல."