வால் நுனியில் ஒரு பொட்டு

முன்னொரு காலத்தில், மலைகளுக்கும் வாய் இருந்த காலத்தில், மஞ்சக்காடு என்ற ஊரில் நாச்சி என்று ஓர் அக்காள், மின்னி என்று ஒரு தங்கை. தாய் தகப்பன் இல்லை. மின்னி அத்தனை அழகு. அதனாலேயே நாச்சி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். யார் கண் படுமோ என்று தினமும் காலையில் மைச்சிமிழைத் திறந்து, தங்கை கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டாக வைத்துவிடுவாள்.

திருவிழா அன்று மின்னி அதை அழித்துவிட்டாள்.

"போக்கா, அசிங்கமா இருக்கு!"

பொட்டில்லாத அந்தக் கன்னத்தைக் கருங்கண்ணன் என்ற மந்திரவாதி பார்த்துவிட்டான். அழகைக் கண்டால் நாமெல்லாம் ரசித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். அவனோ சுருட்டிக்கொண்டு போகிறவன். ஒரே பார்வைதான், மின்னி இளமஞ்சள் விட்டில் பூச்சியாகிவிட்டாள். சிறகின் அடியில் இரண்டு நீள வால். பறந்து அவன் தோப்புக்குள் போய்விட்டாள்.

நாச்சி அவன் காலில் விழுந்தாள். "ஐயா, சின்னப்பிள்ளை அவ. விட்டுருங்க."

"என் கரிச்சான் குருவி மூன்று தடவை பாயும். மூன்றிலும் தப்பித்தால் கூட்டிப் போ. கவ்விவிட்டால் என் கண்ணாடிப் பெட்டிக்கு. பெட்டிக்கு அழகு போதும், உயிர் எதற்கு? குருவியை விரட்டினாலோ, பூச்சியை மூடி மறைத்தாலோ அவள் எனக்குத்தான்!"

மின்னி பழுத்த இலைகளுக்கு நடுவே சிறகை விரித்து உட்கார்ந்தாள். எது இலை, எது தங்கை என்று நாச்சிக்கே தெரியவில்லை.

"அசையாதடி மின்னி, அசையாத!"

கரிச்சான் பாய்ந்தது. ஒரு பழுத்த இலையைக் கவ்விக்கொண்டு போனது.

இரண்டாம் தடவை அது மின்னி இருந்த கிளையிலேயே வந்து உட்கார்ந்தது. தலையை இப்படிச் சாய்த்தது, அப்படிச் சாய்த்தது. நாச்சி குரலைத் தாழ்த்தினாள்.

"அசையாதடி மின்னி, அசையாத!"

பக்கத்து இலையைக் கவ்விக்கொண்டு போனது.

கருங்கண்ணனுக்குக் கோபம் தலைக்கேறியது. "உதிர்!" என்று கத்தினான். பழுத்த இலை அத்தனையும் பொலபொலவென்று கொட்டிவிட்டது. பச்சை இலைமேல் மின்னி மட்டும் பளிச்சென்று தெரிந்தாள். ஒளிய இடமே இல்லை. கரிச்சான் அவள் கண்ணைக் குறிவைத்துக் கிளம்பியது.

நாச்சியின் கை தானாக இடுப்பிலிருந்த மைச்சிமிழுக்குப் போனது. தினமும் செய்கிற வேலைதானே! கிளையை எட்டி, வால் நுனி இரண்டிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தாள்.

இப்போது குருவிக்குக் கண் எது? அந்த இரண்டு பொட்டும்தான். பாய்ந்து அங்கேயே கொத்தியது. வால் நுனி பிய்ந்து வந்தது.

"பறடி மின்னி, பற!"

மின்னி பறந்தாள். மூன்றாவது தடவையும் தப்பிவிட்டாள்! மாயம் உடைந்தது. எதிரே தங்கை நின்றாள், சடையில் ஒரு சாண் மட்டும் குறைந்திருந்தது. நாச்சி அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். கருங்கண்ணனின் கண்ணும் அந்தப் பொட்டிலேயே மாட்டிக்கொண்டது. அதன்பின் எதைப் பார்த்தாலும் அவனுக்குக் கறுப்புப் பொட்டைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

மறுநாள் சிமிழைத் திறக்கும் முன்பே மின்னி கன்னத்தை நீட்டினாள்.

"பெரிசா வை அக்கா."

நாச்சி தங்கையின் கண்ணையே பார்த்துக்கொண்டு வைத்தாள். பொட்டு கோணலாக விழுந்தது. அதை யாரும் அழிக்கவில்லை.

இளமஞ்சள் விட்டிலின் வாலில் பொட்டு வந்தது இப்படித்தான். எங்கேயாவது கண்டால், ரசித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.