ரோட்டுக்குக் கீழ போன வீடு

ஒரு ஊர்ல ஒரு வீடு இருந்துச்சாம். ராஜா வீடெல்லாம் இல்லடா. பஸ் கடைசியா நிக்குற இடத்துக்கும் அப்பால, பொன்னியம்மன் நகர்னு ஒரு இடம். அங்க மரகதமும் அவ புருஷன் சிகாமணியும் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் கட்டின வீடு. கட்டும்போது தெருவை விட ரெண்டு படி உசரம். ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் கதை நகரும்.

அந்தத் தெருவுக்கு ஏகாம்பரம்னு ஒரு கவுன்சிலர். வேற எது செய்யுறாரோ இல்லையோ, எலெக்‌ஷன் வந்தா ரோடு போட்டுருவாரு. பழைய ரோட்டைச் சுரண்டிட்டுத்தானே போடணும்? சுரண்ட மாட்டாரு. அது மேலயே கடகடன்னு புது ரோடு, தோசை மேல தோசை ஊத்துற மாதிரி. காண்டிராக்டர் யாரு? அவரு மச்சான்தான், வேற யாரு.

மொத ரோடு போட்டாங்க. படி ரெண்டும் போச்சு. மழை வந்துச்சு, சளசளன்னு தண்ணி வாசல் வரைக்கும். அப்புறம் ரெண்டாவது ரோடு. தண்ணி நிலைப்படியைத் தாண்டிருச்சு. சிகாமணி வாசலுக்குக் குறுக்க முழங்கால் உசரத்துக்கு ஒரு சுவர் வச்சான். தண்ணி நிக்கல, வந்த விருந்தாளியெல்லாம் தொபுக்குனு விழுந்தாங்க. அப்புறம் மூணாவது ரோடு. இப்போ வீடே பள்ளத்துல. தெருவுல போறவன் ஜன்னல்ல குனிஞ்சு, "என்னக்கா, இன்னைக்கு வத்தக்குழம்பா?"ன்னு கேக்குறான். மழை பெஞ்சா ஹால்ல தண்ணி, கட்டிலுக்கு அடியில தவளை, கொர்ரு கொர்ருன்னு.

என்ன, சத்தத்தைக் காணோம்? ம்... அப்படிச் சொல்லு.

சிகாமணி அழுதுட்டான். "வித்துட்டுப் போயிடலாம் மரகதம்."

"குளத்தை எவன்யா வாங்குவான்?"ன்னா அவ. அவளுக்கும் வயிறு எரிஞ்சுது. ஏகாம்பரத்துக்கு எத்தனை மனு குடுத்தாச்சு!

அப்போ அடுத்த எலெக்‌ஷன் வந்துச்சு. ஏகாம்பரம் கையைக் கூப்பிக்கிட்டு ஓட்டுக் கேட்டு வந்தாரு. மரகதம் வாயெல்லாம் பல்லா, "தம்பி, உங்க தேர்தல் ஆபீசை எங்க ஹால்லயே போடுங்க. வாடகையே வேண்டாம். நாங்க மாடி ரூம்ல இருந்துக்கிறோம்"னா. ஓசின்னா விடுவாரா? கொடி, மாலை, கட்டுக்கட்டா நோட்டீஸ், அவரு உக்கார சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி, எல்லாம் வந்து எறங்கிருச்சு.

ரெண்டாம் நாளே ஐப்பசி மழை ஜோன்னு பிடிச்சுக்கிச்சு. தண்ணி தபதபன்னு உள்ள. நோட்டீஸ்ல இருந்த ஏகாம்பரம் மூஞ்சியெல்லாம் பல்லைக் காட்டிக்கிட்டு மிதக்குது. நிஜ ஏகாம்பரம் வேட்டியைத் தூக்கிக்கிட்டு நாற்காலி மேல நிக்குறாரு. தவளை ஒண்ணு எகிறி அவரு தோள்ல உக்காந்துச்சு. கொர்ர்ர்!

"எந்த மடையன்டா ரோட்டை இவ்வளவு உசரத்துக்குப் போட்டான்?"னு கத்துனாரு.

வாசல்ல நின்ன மச்சான் தலையைச் சொறிஞ்சான். "நீங்கதானே மாமா போடச் சொன்னீங்க."

ஏகாம்பரம் மாடிப்படியில நின்ன மரகதத்தைப் பாத்தாரு. "தண்ணி வரும்னு முன்னாடியே ஏன்க்கா சொல்லல?"

"வருஷா வருஷம் மனு குடுத்துச் சொன்னேனே தம்பி. நீங்க படிக்கல. அதான், உள்ள வந்தே பாருங்கன்னு கூப்பிட்டேன்."

மழை விட்ட மறுநாளே மெஷின் வந்து கரகரன்னு மூணு ரோட்டையும் சுரண்டி எடுத்துருச்சு. அப்புறம் ஓட்டுப் போடுற நாளும் வந்துச்சு. மரகதம் விரல்ல மையோட, சிரிச்சுக்கிட்டே வந்தா. யாருக்குப் போட்டான்னு கேக்குறியா? கட்டின புருஷன்கிட்டயே சொல்லல, உங்கிட்ட சொல்லுவாளா?

மழை விட்டுச்சு, தண்ணி வடிஞ்சுது, கதையும் காலி. கண்ணை மூடு.