இடுப்பெலும்புக்குள் உறங்கிய தாய்

கடலும் மலையும் இன்னும் எல்லை பேசி முடிக்காத காலத்தில், மருதங்கோடு என்றொரு நாடு இருந்தது. அதன் அரசனுக்கு ஒரே மகள், இளவெயினி.

ஒருநாள் சபைக்கு வந்த மந்திரவாதி கோலைத் தட்டிக் கயிற்றைப் பாம்பாக்கினான், பாம்பைக் கயிறாக்கினான். அரசன் கொட்டாவி விட்டான்.

“எல்லாம் பழசு. புதுசாக ஒன்றும் இல்லையா?”

“புதுசா? இனி உன் மகள் உடம்பில் புதுசாக ஒரு சொட்டு ரத்தம் பிறக்காது. இருப்பதை நான் தொடமாட்டேன்.”

சபை சிரித்தது. இருப்பதே போதும் என்றார்கள் வைத்தியர்கள். சிவப்பணுவின் ஆயுள் நூற்றிருபது நாள்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நூறாம் நாள் இளவரசி சுண்ணாம்பாய் வெளுத்துப் படுத்துவிட்டாள். வைத்தியர்கள் நெஞ்சின்மேல் களிம்பு பூசிக்கொண்டிருந்தார்கள்.

அரண்மனைச் சமையற்கட்டுக்கு ஆட்டுக்கறி வெட்டிக் கொண்டுவரும் கறிக்கடைச் சிலம்பாயியிடம் ஒரு கொசு வந்து முறையிட்டது.

“இளவரசி ரத்தம் வெறும் தண்ணியா இருக்கு அக்கா. பத்து நாள் தாங்காது.”

“ரத்தத்தை எங்கே செய்றாங்கன்னு சொல்லு, போய்ப் பார்க்கிறேன்.”

“எனக்குக் குடிக்கத்தான் தெரியும்.”

கொசு சிறகுத் தூளை உதறியது. சிலம்பாயி கண்ணுக்கே தெரியாத அளவு சிறுத்தாள். கொசுவின் ஊசி வழியே இளவரசியின் ரத்தத்தில் இறங்கினாள்.

முதலில் இதயத்திடம் கேட்டாள்: “ரத்தம் செய்வது நீதானா?”

“நான் இறைக்கிறவன் தாயி. வந்ததைத் தள்ளுவேன். செய்யத் தெரியாது.”

மண்ணீரலிடம் கேட்டாள்: “ரத்தம் செய்வது நீதானா?”

“கிழடானதை உடைக்கிறவன் நான். ஆள் மாறி வந்துட்டே.”

சிறுநீரகத்திடம் கேட்டாள்: “ரத்தம் செய்வது நீதானா?”

“இல்லை. ஆனா ரத்தம் குறையுதுன்னு எலும்புக்குத் தினமும் ஆள் அனுப்புறேன். பதிலே இல்லை.”

எலும்பா! சிலம்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். பத்து வருஷமாக நல்லி எலும்பு வெட்டுகிறவள், உள்ளிருக்கும் மஜ்ஜையை வெறும் ருசி என்றுதான் நினைத்திருந்தாள்.

இடுப்பெலும்புக்குள் தேன்கூடு போல அறைகள். நடுவே ரத்தத்தைப் பெற்றெடுக்கும் தாயணு உறைந்து தூங்கியது. கூப்பிட்டாள், எழவில்லை. உலுக்கினாள், எழவில்லை. நல்லியிலிருந்து மஜ்ஜை இறங்காவிட்டால் கடையில் என்ன செய்வாளோ அதையே செய்தாள். இடுப்பில் செருகியிருந்த கத்தியின் பிடியால் எலும்பை மூன்று தட்டு தட்டினாள். மந்திரம் விரிசல் விட்டது.

“யாருடி அது?”

“எழுந்திரும்மா. பொண்ணு சாகக் கிடக்கு.”

தாயணு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று தாயாகவே தங்கியது, மற்றது வேலைக்குப் போனது. அது நான்கானது, எட்டானது, லட்சமானது. காற்றைச் சுமக்கச் சிவப்பணு, நோயை மறிக்க வெள்ளையணு, காயத்தை அடைக்கத் தட்டணு. முதுகெலும்பிலும் மார்பெலும்பிலும் மற்றத் தாய்மார்களும் விழித்தார்கள்.

கொசு உறிஞ்ச, சிலம்பாயி வெளியே வந்து பழையபடி வளர்ந்தாள். ஏழாம் நாள் இளவரசியின் உதட்டில் நிறம் ஏறியது. மந்திரவாதியின் கோல் இரண்டாய்ப் பிளந்தது. நடந்ததைக் கேட்ட அரசன் சிலம்பாயியைத் தலைமை வைத்தியராக்கினான். களிம்புக்காரர்கள் அவளிடம் பாடம் கேட்க வரிசையில் நின்றார்கள்.

“உனக்கு என்ன வேண்டும்?” என்று அரசன் கொசுவையும் கேட்டான்.

“ஒரு சொட்டு.”

சபை திடுக்கிட்டது. இளவெயினி கையை நீட்டினாள்.

“குடி. நாளைக்கு வேற பிறக்கும்.”