கேரவன் டயரும் முதலாளியின் நாயும்

ஏற்காட்டு விடுதி முதலாளி தெய்வநாயகத்திடம் ஜீப்பில் கட்டி இழுக்கும் கேரவன் ஒன்று இருந்தது. வெயிலில் கிடந்தே அதன் டயர்கள் வெடிப்பு விட்டிருந்தன. அதைக் கருப்புச் சாயம் பூசி மறைத்துவிட்டு, சேலத்தில் நடக்கும் மகள் கல்யாணத்துக்குச் சமையல்காரர்களை அதில் ஏறச் சொன்னார்.

"இந்த டயரோட மலை இறங்கினா உயிர் தங்காதுங்க," என்றார் டிரைவர் இருதயம்.

"டயர் மேல பட்டன் தேயவே இல்லடா! ஓட்டுறியா, வேலையை விட்டுப் போறியா?"

"ஓட்டுறேங்க. உள்ள மெத்தை இருக்கு, உங்க ஜிம்மியையும் இதுலயே ஏத்திடட்டுங்களா?"

"அறிவிருக்கா உனக்கு? டயர் வெடிச்சா நாய் என்னடா ஆகும்!"

சமையல்காரர்கள் அத்தனை பேரும் இறங்கி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். புது டயர் மாட்டிய பிறகே எழுந்தார்கள்.

நாய்க்காகத்தான் மாற்றினேன் என்று அந்த மனிதர் இன்றும் வெட்கமில்லாமல் சொல்லித் திரிகிறார்.